ஆல்ஃபவில் நகரமும் அப்பாவின் குரலும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

திரைப்படம் பார்ப்பது பொழுதைப் போக்குவதற்கு, படிப்பது பட்டம் பெறுவதற்கு, இவ்விரண்டிற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றே கல்லூரியில் சேரும்வரை நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய பிரெஞ்சுப் படம். அதில் வண்ணம் இல்லை, பாட்டு இல்லை, பணத்தை வாரி இறைத்த காட்சி ஒன்றுகூட இல்லை. அப்படத்தைப் பற்றி இம்மலருக்கு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது நான் தயங்கினேன். அப்படத்தைப் பற்றி எழுதினால் என் தந்தையாரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். என்னைப் பற்றியும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். பல நாள் யோசித்து, எழுதிவிடுவதே நல்லது என்று முடிவு செய்தேன்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தின் சன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, வெண்திரை விரித்து, ஆங்கிலத் துறையினர் ஒரு படம் திரையிட்டார்கள். 'ஆல்ஃபவில்' என்பது அதன் பெயர். 1965ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கியவர் ழான் லூக் கோதார். அதே ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்கக் கரடியைப் பெற்றது. கோதார் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மறைந்தார் என்பதையும், அறிவியல் கற்பனையும் துப்பறியும் கதையும் கலந்த படம் இது என்பதையும் பேராசிரியர் முன்னுரையாகச் சொன்னார். 'அறிவியல் கற்பனை' என்றதும் மாணவர் பகுதியில் மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. பறக்கும் தட்டுகளையும் இயந்திர மனிதர்களையும் எதிர்பார்த்து நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

படம் தொடங்கிக் கால் மணி நேரத்திற்குள் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். பறக்கும் தட்டு வரவில்லை. மழைக்கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு மனிதர் இரவு நேரத்தில் கார் ஓட்டிக்கொண்டு ஒரு நகரத்திற்குள் வருகிறார். ஓட்டல் ஒன்றில் அறை எடுக்கிறார். தாம் ஒரு பத்திரிகை நிருபர் என்கிறார். உண்மையில் அவர் லெம்மி காஷன் என்னும் உளவாளி. ஆல்ஃபவில் என்னும் அந்நகரை ஆள்வது ஆல்ஃபா 60 என்ற கணிப்பொறி. அதை உருவாக்கியவர் வான் பிரௌன் என்ற விஞ்ஞானி. காணாமற்போன சக உளவாளியைத் தேடிக் கண்டுபிடிப்பதும், விஞ்ஞானியைப் பிடிப்பது அல்லது கொல்வதும், கணிப்பொறியை அழிப்பதும் காஷனுக்கு இடப்பட்ட பணிகள். விஞ்ஞானியின் மகள் நதாஷா அவருக்குத் துணையாக அனுப்பப்படுகிறாள். அன்பு என்ற சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியாது. அந்நகரத்தில் யாருக்குமே தெரியாது.

கதை இவ்வளவுதான். இதில் என்ன சிறப்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நான் கண்ட சிறப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அதன் சிக்கனம். எதிர்கால நகரத்தைக் காட்டுவதற்காகக் கோதார் ஓர் அரங்கத்தைக்கூட எழுப்பவில்லை. 1965ஆம் ஆண்டின் பாரிஸ் நகரத்தையே இரவில் படம் பிடித்து, இதுதான் ஆல்ஃபவில் என்று சொல்லிவிட்டார். புதிதாக எழுந்திருந்த கண்ணாடிக் கட்டடங்கள், நீண்ட தாழ்வாரங்கள், சுழற்படிகள், மின்தூக்கிகள், சாலை விளக்குகள் ஆகியவையே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. விண்மண்டலம் விட்டு விண்மண்டலம் செல்வதற்கு இப்படத்தில் ராக்கெட் இல்லை. சாதாரணக் காரில் சாதாரணச் சாலை வழியாகவே போகிறார்கள். உலகை ஆளும் கணிப்பொறி எப்படி இருக்கிறது தெரியுமா? கம்பி வலைக்குப் பின்னால் சுழலும் ஒரு மின்விசிறி; அதன் பின்னால் ஒரு விளக்கு. அவ்வளவுதான்! ஆயினும் பார்க்கப் பார்க்க அந்த மின்விசிறி நம்மை உற்றுப் பார்ப்பது போன்ற அச்சம் ஏற்படுகிறது. இல்லாததை உண்டாக்கிக் காட்டுவதற்குப் பணம் வேண்டும். இருப்பதையே வேறாகக் காட்டுவதற்குக் கண் இருந்தால் போதும். ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தாருக்கு அந்தக் கண் இருந்தது.

இரண்டாவது, பழைய பாத்திரத்தைப் புதிய இடத்தில் வைத்தது. லெம்மி காஷன் கோதார் படைத்த பாத்திரம் அல்ல. பீட்டர் செய்னி என்ற ஆங்கில எழுத்தாளரின் துப்பறியும் நாவல்களில் பிறந்தவர் அவர். எடி கான்ஸ்டன்டைன் என்ற அமெரிக்க நடிகர் 1953 முதலே பிரெஞ்சு மசாலாப் படங்களில் லெம்மி காஷனாக நடித்துப் புகழ் பெற்றிருந்தார். அடிதடியும் துப்பாக்கியும் மதுக்கோப்பையுமாக மக்கள் அறிந்திருந்த அந்த நாயகனை, அந்த நடிகரோடும் அந்த மழைக்கோட்டோடும் அப்படியே கொண்டுவந்து, உணர்ச்சியே இல்லாத நகரத்தில் நிறுத்திவிட்டார் கோதார். வயதும் களைப்பும் எழுதியிருக்கும் அந்த மேடு பள்ளமான முகம்தான் அந்நகரத்தில் மனித முகமாக நமக்குத் தெரிகிறது. குண்டர் படத்தின் நாயகன் இங்கே மனிதத் தன்மையின் பிரதிநிதியாகிவிடுகிறான்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அது ஒரு புத்தகம். ஆல்ஃபவில் நகரின் ஒவ்வோர் அறையிலும் ஒரு புத்தகம் இருக்கிறது. அதை வேதநூல் என்கிறார்கள். திறந்து பார்த்தால் அகராதி! அந்த அகராதியிலிருந்து சொற்கள் நாளுக்கு நாள் நீக்கப்படுகின்றன. நீக்கப்பட்டதும் புதிய பிரதி அறைக்கு வந்துவிடுகிறது. மனச்சாட்சி என்ற சொல்லை நதாஷா தேடுகிறாள்; அது இல்லை. அழுதல் என்ற சொல் போய்விட்டது. கனிவு என்ற சொல்லும் போய்விட்டது. 'ஏன்' என்று அந்நகரத்தில் யாரும் கேட்கலாகாது. 'ஏனெனில்' என்று மட்டும்தான் சொல்லலாம். சொல் போனால் அந்தச் சொல் குறித்த உணர்ச்சியும் போய்விடும் என்பது கணிப்பொறியின் கணக்கு. மனைவி இறந்தபோது அழுதான் என்பதற்காக ஒருவனை நீச்சல் குளத்தின் விளிம்பில் நிற்கவைத்துச் சுடுகிறார்கள். பெண்கள் நீரில் குதித்துக் கத்தியால் முடித்து வைக்கிறார்கள். சுற்றி நிற்கும் கனவான்கள் கை தட்டுகிறார்கள். செலவில்லாமல் எடுக்கப்பட்ட அந்த ஒரு காட்சி, பல கோடி செலவில் எடுக்கப்படும் எந்தப் போர்க்காட்சியை விடவும் என்னை நடுங்க வைத்தது.

இவ்வளவையும் அன்று பிற்பகல் நான் உணர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அன்று என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அது ஆல்ஃபா 60 பேசும் குரல்.

கரகரப்பான, ஏற்ற இறக்கம் இல்லாத, ஒவ்வொரு சொல்லையும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதுபோல் பிடுங்கிப் பேசும் குரல் அது. முதல்முறை ஒலித்தபோது கூடமே சிரித்தது. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் அதைப்போலவே பேசிக் காட்டினார், மேலும் சிரிப்பு. பேராசிரியர் படத்தை நிறுத்தினார். "இது இயந்திரத்தால் செய்த குரல் அல்ல. குரல்வளையை இழந்து, மறுபடியும் பேசக் கற்றுக்கொண்ட ஒரு மனிதருடைய குரல்" என்றார். கூடம் சற்று அமைதியானது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குரலை நான் நாள்தோறும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் தந்தையார் எங்கள் ஊர் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுபவராக இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு லாரிகள் வந்து நிற்கும். கற்பூரவள்ளியும் நாடும் ரஸ்தாளியும் தார் தாராக இறக்கி அடுக்கப்படும். அப்பா ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று விலை கூறுவார். ஒரு தரம், இரண்டு தரம் என்று அவர் குரல் எழும்போது மண்டிக்கு வெளியே தேநீர்க் கடையில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரல்தான் எங்கள் வீட்டு அரிசி, என் பள்ளிச் சீருடை, அக்காவின் திருமணம்.

2019ஆம் ஆண்டில் அந்தக் குரல்வளையில் புற்றுநோய் கண்டது. அறுவை செய்து குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. கழுத்தின் அடியில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் இன்றும் மூச்சு விடுகிறார். தூசு போகாமலிருக்க அதன்மேல் ஒரு சிறிய துணி கட்டியிருப்பார். சில மாதங்கள் எழுதிக் காட்டினார். பிறகு ஒரு கருவி வந்தது. பார்ப்பதற்குச் சிறிய டார்ச் விளக்குப் போலிருக்கும். அதைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானைத் தட்டினால் அது அதிரும். அந்த அதிர்வு வாய்க்குள் வந்து சேரும். நாக்காலும் உதட்டாலும் அதைச் சொல்லாக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு 'மிஷின்' என்று பெயர். அதில் ஏற்ற இறக்கம் கிடையாது. கோபமும் கொஞ்சலும் ஒரே சுரத்தில் வரும். வல்லின எழுத்துகளை மென்மையாக்கி அதிரவைத்துவிடும். 'பாப்பா' என்று சொன்னால் இரண்டு பகரமும் வடமொழிப் பகரம்போல் கேட்கும். நம் எழுத்தில் இரண்டிற்கும் ஒரே எழுத்துத்தான் என்பதால் எழுதிக் காட்டினால் வேறுபாடு தெரியாது.

'பாப்பா' என்பது அவர் என்னை அழைக்கும் பெயர். அதாவது, அழைத்துவந்த பெயர்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். மாலையில் பேருந்து நிலையத்தில் தோழியருடன் நின்றுகொண்டிருந்தேன். சற்றுத் தொலைவில் அப்பா நின்று மிஷினைக் கழுத்தில் வைத்து, "பாப்பா" என்று அழைத்தார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிறுவன் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தான். என் தோழி ஒருத்தி, "யாருடி அது, ரோபோ மாதிரி?" என்றாள். நான் திரும்பவில்லை. தெரியாதவள்போல் வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். அவர் வேறு பேருந்தில் வீடு வந்து சேர்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லியோ பாப்பா என்றோ அழைக்கவேயில்லை. வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். மிஷினை எடுத்தால் மருந்து, சாப்பாடு, காசு, மின்கட்டணம் என்று தேவையான சொற்களை மட்டும் பேசுவார். எங்கள் வீட்டு அகராதியிலிருந்து ஒரு சொல் நீக்கப்பட்டுவிட்டது. நீக்கியது எந்தக் கணிப்பொறியும் அல்ல, நான்தான்.

அன்று கருத்தரங்கக் கூடத்தில் அகராதிக் காட்சி வந்தபோது இது முழுவதும் என் முன்னால் வந்து நின்றது. படம் முடிந்ததும் பேராசிரியர் கருத்துக் கேட்டார். சிலர் எழுந்து பேசினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

எனக்கு முதலில் கோபமே வந்தது. ஒரு கொடுமையான ஆட்சிக்குக் குரல் கொடுக்க, நோயால் வருந்திய மனிதரா கிடைத்தார்? எங்கள் அப்பா போன்றவர்களைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுவது போதாதா? இந்தக் கேள்வியுடன் சில நாள்கள் அலைந்தேன். பிறகு படத்தை மறுபடியும் பார்ப்பது என்று முடிவு செய்து, பேராசிரியரிடம் கேட்டு என் கைப்பேசியில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு இரவு கூடத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மண்டியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். இப்போது அதே மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஆல்ஃபா 60 பேசத் தொடங்கியது. அப்பாவின் கை தட்டில் நின்றுவிட்டது. இடக்கையால் மிஷினை எடுத்தார்.

"யாரு இது?"

"கம்ப்யூட்டர்ப்பா. படத்துல அதான் வில்லன்."

"கம்ப்யூட்டரா? இது ஆப்பரேசன் பண்ணின ஆளுல்லா பேசுதான்!"

பேராசிரியர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நான் ஆமாம் என்றேன். அவர் சிறிது நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "நல்லா பேசுதான். அவசரப்படாம, வார்த்தையை முழுசா முடிச்சு முடிச்சுப் பேசுதான்" என்றார். ஒரு பாடகரைப் பற்றி இன்னொரு பாடகர் சொல்வதுபோல் இருந்தது. பிறகு, "நம்ம கட்சி ஆளையா வில்லனாப் போட்டுட்டான்?" என்று சிரித்தார். அவருடைய சிரிப்பில் ஓசை இருக்காது. தோள் குலுங்கும், கழுத்துத் துணி படபடக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் சிரிக்கிறார் என்று அறிய வேண்டும்.

நீச்சல் குளக் காட்சி வந்தது. அவனை ஏன் சுட்டார்கள் என்று கேட்டார். பெண்டாட்டி செத்ததற்கு அழுதானாம், அங்கே அழுவது குற்றம் என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க அழுதா எவனுக்கும் கேக்காது. தப்பிச்சுக்கிடலாம்" என்றார்.

நான் படத்தை நிறுத்தினேன். இத்தனை ஆண்டுகளில் அவர் அழுதாரா, எப்போது அழுதார் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை. ஆல்ஃபவில் நகரத்தில் கேட்கக்கூடாத சொல்லை அப்போது நான் கேட்டேன். "ஏம்ப்பா, என்னைய பாப்பான்னு கூப்பிடுறதையே விட்டுட்டீங்க?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மிஷினைக் கழுத்தில் வைத்து எடுத்தார், மறுபடியும் வைத்தார். "பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் கூப்பிட்டேன். உனக்குக் கேக்கலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"கேட்டுச்சுப்பா" என்றேன்.

"தெரியும்" என்றார். "சின்னப் பிள்ளைதானே நீ அப்ப."

அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். என் அருகில் உட்கார்ந்து, "மிச்சத்தையும் போடு" என்றார். இருவரும் இறுதிவரை பார்த்தோம்.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் என் கோபம் மாறியது. ஆல்ஃபவில் நகரத்து மக்கள் யாரும் தம் பேச்சுக்காகப் பாடுபடுவதில்லை. கேட்காமலே நலம் சொல்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள், எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு சொல்லுக்கும் உழைப்பது அந்தக் கணிப்பொறியின் குரல் மட்டுமே. அதில் காற்றை விழுங்கும் ஓசையும் களைப்பும் இருக்கின்றன. கணிப்பொறி கூறும் சொற்களில் இரக்கம் இல்லை. ஆனால் அதைக் கூறும் தொண்டையில் ஒரு மனிதன் துன்பப்பட்டு மீண்ட வரலாறு இருக்கிறது. இந்த முரண்பாட்டால்தான் அக்குரல் நம்மை அச்சுறுத்துவதோடு நிற்காமல் நெஞ்சையும் பிசைகிறது. அன்று ஏதேனும் ஒரு கருவியால் செயற்கைக் குரல் செய்து வைத்திருந்தால், இன்று அது பழைய வானொலிப் பெட்டிபோல் வேடிக்கையாகியிருக்கும். மனிதக் குரல் என்பதால்தான் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்தும் அது பழையதாகவில்லை. இன்று நம் கைப்பேசியில் பேசும் இயந்திரங்கள் தேனொழுகப் பேசுகின்றன. அவற்றிற்குத் தொண்டையும் இல்லை, வலியும் இல்லை. குரல் இனிமையாக இருப்பதாலேயே பேசுவது மனிதன் என்றும், கரடுமுரடாக இருப்பதாலேயே பேசுவது இயந்திரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. இப்படத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. பெண்களை அது நடத்தும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்களுக்குச் சேவை செய்ய எண்ணிட்டு வைக்கப்பட்ட பொம்மைகளாகவே பல பெண்கள் வருகிறார்கள். அந்நகரத்தின் கொடுமையைக் காட்டவே அப்படி வைத்தார் என்று சொல்லலாம். ஆனால் கேமராவும் அதில் கொஞ்சம் மகிழ்ச்சி அடைவதாக எனக்குப்பட்டது. கவிதையைக் கொண்டு காஷன் கணிப்பொறியைத் தோற்கடிப்பதாகச் சொல்லிவிட்டு, வழியில் துப்பாக்கியையும் தாராளமாகப் பயன்படுத்துவது பொருந்தவில்லை. இடையில் நடையும் தளர்கிறது. அன்று கைப்பேசியை எடுத்த நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் இறுதிக் காட்சி எல்லாவற்றையும் மறக்கச் செய்கிறது. காஷனும் நதாஷாவும் இரவில் காரில் தப்பிச் செல்கிறார்கள். அவள் காப்பாற்றப்பட வேண்டுமானால் தனக்குத் தெரியாத ஒரு சொல்லைத் தானே கண்டெடுக்க வேண்டும். அவர் சொல்லிக் கொடுக்க மாட்டார். நதாஷாவாக நடித்த அன்னா கரீனா, தட்டுத் தடுமாறி, தன் அன்பை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார். புதிதாகப் பேசக் கற்றுக்கொள்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மிஷின் வந்த முதல் வாரத்தில் எங்கள் அப்பாவின் முகம் அப்படித்தான் இருந்தது.

சென்ற 2025 பிப்ரவரியில் நம் கல்லூரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. முதலாண்டில் அந்தச் சுற்றறிக்கையை வீட்டில் காட்டாமல் மறைத்துவிட்டேன். இம்முறை அப்பாவிடமே கொடுத்தேன். இரவே மிஷினுக்கு மின்னேற்றம் செய்து, வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார். கூட்டத்தில் எழுந்து, மாலை வேளையில் கல்லூரி வாசலில் பேருந்து நிற்பதில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். அரங்கம் முழுவதும் திரும்பியது. இரண்டொருவர் சிரித்ததும் என் காதில் விழுந்தது. எனக்குக் கூச்சமே ஏற்படவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும், முகம் சுட்டது. ஆனால் நான் எழுந்து அவர் அருகில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் இப்படத்தைப் பாருங்கள். பொறுமையோடு பாருங்கள். அந்தக் குரல் ஒலிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுப் பாருங்கள். நானும் ஒரு காலத்தில் அதைவிடப் பெரிய தவறு செய்தவள்தான்.

கூட்டம் முடிந்து நான் தோழியரோடு மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று அப்பா மிஷினைக் கழுத்தில் வைப்பது தெரிந்தது. ஒரு கணம் தயங்கினார். பிறகு அழைத்தார்.

"பாப்பா."

நான் திரும்பினேன்.